டிராயர் பைக்கு ஏற்ற துப்பாக்கி

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வராது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தையல் போடும் அறையில் நர்ஸாக இருக்கிறேன். அரிவாள் வெட்டையும், கட்டைப் பிரித்தால் நாறுகிற காலையும் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுகிற ஆள். அப்படிப்பட்ட எனக்கு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று ஆண்கள் உட்கார்ந்து, எந்த அளவுக் குண்டு நல்ல குண்டு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் புருஷனை அத்தான் என்றுதான் கூப்பிட வேண்டும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மரியாதைக்காக இல்லை, பழக்கதோஷம்.

அத்தானுக்கு ராயகிரிப் பக்கம் மலையடிவாரத்தில் தென்னந்தோப்பும் வயலும் உண்டு. அவருடைய அப்பா காலத்தில் காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸோடு ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பன்றிக்குப் பயன்பட்டதோ இல்லையோ, கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி முன்னறைச் சுவரில் தொங்கியது. அத்தான் தென்காசியில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு அது போதவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போக முடியாதல்லவா? தோப்பு எல்லை விஷயமாகப் பங்காளி ஒருவரோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்து, ஏறாத படியெல்லாம் ஏறிக் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

அந்தப் பங்காளியை எனக்குத் தெரியும். ஆலங்குளத்தில் பள்ளிக்கூட வாத்தியார். வாய்தாவுக்கு வந்தால் கோர்ட்டு வாசலில் அத்தானுக்கும் சேர்த்து டீ சொல்லுகிற மனுஷன். அவரால் ஒரு கொசுவுக்குக்கூட ஆபத்து கிடையாது.

ஆபத்து இருந்தது வேறு இடத்தில். அத்தானுக்கு அடிக்கக் கை நீளும். குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். அக்கா ஒரு தடவை புருவத்தில் தையல் போட எங்கள் அறைக்கே வந்திருக்கிறாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். நான் காயத்தைத் துடைத்துப் பார்த்தேன். கதவு மோதிரம் போட்டிருக்காது. "ஏக்கா, எங்கூட வந்துரு" என்றேன். "போடி, மகளுக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும்" என்றாள். மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள் கல்யாணத்துக்குள் இவள் இருப்பாளா என்பதுதான் என் கவலை. இந்த ஆளிடம் ஒரு துப்பாக்கியும் வரப்போகிறது என்றால், அது கிடக்கப்போகிற கட்டிலின் மறுபக்கம் படுக்கிறவள் என் அக்கா. லைசென்ஸ் கொடுக்க விசாரிக்க வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் கேட்டார்களாம். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்குச் சிரிப்பு வந்தால் அடங்காது. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வரும். துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில் சிரித்துவிட்டு, இருமல் என்று சமாளித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தவள். அடி வாங்கின மறுநாளும் டிவியைப் பார்த்துச் சிரிப்பாள். அத்தானுக்கு அவளிடம் பிடிக்காத விஷயங்களில் முதல் விஷயம் அந்தச் சிரிப்பு.

சரி, அந்தச் சாப்பாட்டு மேஜைக்கு வருகிறேன். அத்தானுக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர், இன்னொருவர் ரோடு காண்டிராக்டர். செங்கோட்டை ரோட்டிலிருந்து பரோட்டாவும் கோழியும் வாங்கி வந்து மேஜையில் பரப்பியிருந்தார்கள். அக்கா சால்னா ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து மூன்று காலித் தோட்டாக்களை எடுத்து, சின்னது, நடுத்தரம், பெரியது என்று இலை ஓரத்தில் நிற்க வைத்தார். எச்சில் கையோடுதான்.

"இது டூ டூ சைஸு. காக்கா வெரட்டலாம்," என்றார். "இது டூ ஃபைவ். துப்பாக்கி உள்ளங்கைக்குள்ள மறைஞ்சிரும். ஆனா எல்லாம் பழைய ஃபாரின் மாலு, தோட்டா லேசுல கெடைக்காது. இது த்ரீ டூ. நம்ம நாட்டு அயிட்டம், தோட்டா கெடைக்கும். கனம்தான் கொஞ்சம் கூட."

"அதெல்லாம் கெடக்கட்டும்வே. சுட்டா ஆளு விழணும்லா? அதச் சொல்லும்," என்றார் காண்டிராக்டர். கடித்துத் துப்பின கோழி எலும்பு ஒன்றைத் தோட்டாக்களுக்குப் பக்கத்தில் வைத்து, எது பருமன் என்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நர்ஸம்மா, உங்களுக்குத்தான் தெரியும். சின்னக் குண்டு பட்டா ஆளு பொழைச்சிருவானா?"

"உங்க மேல பட்ட பொறவு எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க அண்ணாச்சி. பாத்துச் சொல்லுதேன்," என்றேன்.

சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அத்தான் மட்டும் சிரிக்காமல் அவளைப் பார்த்தார். அவள் சால்னாச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தானுக்கு ஒரே கவலைதான். "நம்பி எடுத்தா கைவிடாம இருக்கணும்வே. எனக்கு அதான் முக்கியம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கைவிடாமல் இருக்கிற ஒருத்தி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மனுஷ உடம்பில் ஓட்டை போடுவதைப் பற்றி, மோட்டார் பம்ப் வாங்குவதுபோல மூன்று பேரும் பேசினார்கள். எந்த உடம்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோப்புக்குள் இருட்டில் ஒருத்தன் வருவானாம், இவர் எடுப்பாராம், அவன் விழுவானாம். அந்த ஒருத்தனுக்கு முகமே கிடையாது. எனக்கு மட்டும் அங்கே ஒரு முகம் தெரிந்தது. புருவத்தில் நான் கட்டுப் போட்ட முகம்.

கடைசியில் எந்தக் குண்டு என்பதை முடிவு செய்தது அத்தானின் பட்டாபட்டி டிராயர்தான்.

அவர் வெள்ளை வேட்டி கட்டுகிறவர். சட்டைப் பையில் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும். இடுப்பில் செருகினால் வேட்டி நிற்காது. மிச்சமிருந்தது உள்ளே போடுகிற கோடு போட்ட டிராயரின் பை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அது பணமும் சாவியும் வைக்கிற இடம். அதில் எது அடங்கும் என்று பார்க்க, இன்ஸ்பெக்டர் யோசனைப்படி துணி சோப்புக் கட்டிகளை அளவுக்கு வெட்டிக்கொண்டார்கள். முழுக் கட்டி த்ரீ டூவாம். பாதிக்குக் கொஞ்சம் கூட இருந்தால் டூ ஃபைவாம். அதைப் பையில் போட்டுக்கொண்டு அத்தான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். முழுக் கட்டி போட்ட அன்றைக்கு டிராயர் ஒரு பக்கமாக இறங்கி வேட்டிக்குக் கீழே எட்டிப் பார்த்தது. மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துவந்த அக்கா பார்த்துவிட்டு, துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்படித்தான் டூ ஃபைவ் வந்தது. யாரோ பெரிய மனுஷர் வைத்திருந்த பழைய சாமான். கூடவே கொஞ்சம் தோட்டாக்களும், அதே அளவுக்குப் பழசு. கிடைக்காத சரக்கு என்பதால் ஒன்றைக்கூடச் சுட்டுப் பார்க்கவில்லை. அக்கா டிராயர்களுக்கெல்லாம் ஜீன்ஸ் துணியில் ஆழமான பை தைத்தாள். குனிந்தால் விழுந்துவிடக் கூடாதென்று மூடியும் பட்டனும் வைக்கச் சொன்னார், அதையும் வைத்தாள். ஆயுத பூஜைக்கு அருவா, மண்வெட்டி, கார் சாவியோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள்.

வீட்டில் இரும்பு என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அருவாவைத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் போட்டு வைப்பார்கள், துரு ஏறாது. அத்தான் தோட்டாவுக்கும் அதையே செய்யச் சொன்னார். சாரல் காற்று பட்டால் பூத்துவிடும் என்று பயம். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா குத்துவிளக்கைத் தேய்த்து வைத்துவிட்டு, கிண்ணத்தில் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். சொட்டச் சொட்டப் போடு என்று உத்தரவு. சொட்டச் சொட்டத்தான் போட்டாள். ஒரு நாள் நான் போனபோது கையெல்லாம் எண்ணெயாக நிமிர்ந்து பார்த்து, "பிள்ளைக்குத் தலை தேச்சு விடுத மாதிரி இருக்குட்டி," என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கிண்ணத்தைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும்போல் இருந்தது.

சாரல் நன்றாக விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் ஒரு காட்டேஜ் எடுத்தார்கள். அத்தான், இன்ஸ்பெக்டர், காண்டிராக்டர், சமையலுக்கு அக்கா. அக்காவைத் தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். அருவிக்குக் கிளம்பும்போதுதான் சாமான் பிரச்சினை வந்தது. அதை வைத்துக்கொண்டு தண்ணீரில் நிற்க முடியாது. காட்டேஜ் பீரோவை நம்ப முடியாது. "நீ இங்கன இரு. எந்திரிச்சிராத," என்று அத்தான் அதைத் துண்டில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்து, அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில், தலைகூட நனையாமல், ஒரு துப்பாக்கிக்குக் காவலாக அவள் உட்கார்ந்திருந்தாள். நானும் குளிக்கப் போகவில்லை. கட்டிலைவிட்டு எழாமலே அவள் கோழி வெட்டித் தர, நான் குழம்பு வைத்தேன்.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பசியும் சிவந்த கண்ணுமாக மூன்று பேரும் திரும்பினார்கள். தின்றார்கள். உடம்பில் பிசுக்கு போகவில்லை. உட்கார்ந்த நாற்காலியெல்லாம் எண்ணெய். அத்தான் உலர்ந்த டிராயரும் வேட்டியும் மாற்றி, சாமானைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

"ஓய், அவசரத்துக்கு எப்படிவே எடுப்பீரு? ஒரு தரம் எடுத்துக் காட்டும், பாப்போம்," என்று காண்டிராக்டர் ஏற்றிவிட்டார்.

அத்தான் எழுந்து நின்றார். இடது கையால் வேட்டியைத் தூக்கினார். வலது கை டிராயர் பைக்குப் போனது. பட்டன் திறக்கவில்லை. விரலெல்லாம் எண்ணெய், வழுக்கியது. குனிந்து இரண்டு கையாலும் திருகினார். வேட்டி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. கோடு போட்ட டிராயரோடு, பையைப் பிடித்துக்கொண்டு, அரிப்பெடுத்தவர்போல நின்றார். இன்ஸ்பெக்டர் இருமினார். காண்டிராக்டர் அவசரமாக மழையைப் பார்த்தார்.

அக்கா சிரித்துவிட்டாள்.

வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. "எதிரி வந்தா, பட்டனத் தொறக்க மட்டும் பொறு தம்பின்னு சொல்லணும்," என்று சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பட்டன் தெறித்தது. துப்பாக்கி வெளியே வந்தது. அத்தான் அதன் மேல்பாகத்தைச் சடக்கென்று பின்னுக்கு இழுத்துவிட்டு அக்காவின் முகத்துக்கு நேராக நீட்டினார். இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலி தூரம்கூட இல்லை. நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் விரல் அழுத்தியதைப் பார்த்தேன்.

டிக் என்றது. அடுப்பு லைட்டர் பற்றாமல் போனால் வருகிற சத்தம்.

அக்காவின் கை வாயைப் பொத்தினபடியே நின்றது. அதற்கு மேலே கண் இரண்டும் அவரையே பார்த்தன. நான் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அந்த மூன்று பேரில் ஒருவனாவது அவள் பக்கம் வருவான் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார், துப்பாக்கியின் பக்கம்.

"கொண்டாரும்வே இங்கன," என்று அத்தான் கையிலிருந்து அதை வாங்கி மேல்பாகத்தை இழுத்தார். ஒரு தோட்டா கீழே விழுந்து உருண்டது. எடுத்து அதன் அடியைப் பார்த்தார். "துப்பாக்கி ஊசி நல்லாத்தான அடிச்சிருக்கு. குழி விழுந்திருக்கு பாரும். பின்ன ஏன் வெடிக்கல?" முகர்ந்து பார்த்தார். "என்னவே இது, தேங்கா எண்ணெயா? தோட்டாவுக்கு எவனாவது எண்ணெய் போடுவானா? உள்ள எறங்குனா மருந்து செத்துரும்லா. சாமானும் பழசு."

அத்தான் வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "நானா போட்டேன்? எல்லாம் இவ போட்டதுதான். ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியாது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குச் சுடத் தெரிந்திருந்தது, குண்டு வெடிக்காததற்குப் பெண்டாட்டி குற்றம். "அப்பவே சொன்னேம்லா, த்ரீ டூ வாங்கும்னு," என்றார் காண்டிராக்டர். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் அந்தச் சாமானைச் சுற்றிக் குனிந்துவிட்டார்கள். எது நம்பகம், எது கைவிடும் என்று பேச்சு மறுபடி ஆரம்பித்தது. எனக்கு அப்போது வந்த அருவருப்பை எந்தப் புண்ணும் எனக்குத் தந்ததில்லை. சொன்னால் மிகையாகத் தெரியும், வராந்தா ஓரத்தில் போய் உண்மையிலேயே வாந்தி எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினபோது அந்தத் தோட்டா மேஜை ஓரத்தில் கிடந்தது. அவர்களுக்கு அது உதவாத சரக்கு. எங்கள் ஆஸ்பத்திரியில் காயத்திலிருந்து எதை எடுத்தாலும் பாட்டிலில் போட்டுப் போலீஸுக்கு என்று வைப்போம். கை தானாகப் போனது. கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். குழி விழுந்த அடிப்பாகம் ஜாக்கெட் பட்டன் அளவுகூட இல்லை.

"வாக்கா," என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். "எங்கட்டிப் போறிய ரெண்டு பேரும்?" என்று அத்தான் சத்தம் பின்னால் வந்தது. அக்கா திரும்பவில்லை.

பஸ்ஸுக்குப் போவோம் என்று நான் இடது பக்கம் இழுத்தால், அவள் அருவிப் பக்கம் நடந்தாள். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. கட்டின புடவையோடு உள்ளே போய்த் தண்ணீருக்குக் கீழே நின்றாள். யாரோ இடித்தார்கள், யாரோ திட்டினார்கள், அவள் நகரவில்லை. அழுதாளா என்று தெரியவில்லை. அந்தத் தண்ணீரில் யார் அழுதாலும் தெரியாது. வெளியே வந்தபோது உதடு நீலமாக இருந்தது. "தலை முழுகியாச்சு. வாட்டி, போவோம்," என்றாள். தென்காசி பஸ்ஸில் ஈரப் புடவையோடு நின்றுகொண்டே வந்தாள்.

அன்று சாயந்திரமே கோயம்புத்தூருக்குப் பேசினோம். மகள் நடந்ததை முழுக்கக் கேட்டாள். பிறகு, "சித்தி, அம்மாவ அங்கன அனுப்பிராதீங்க. என் கல்யாணம்னு எவனாவது சொன்னான்னா செருப்பால அடிங்க," என்றாள். மறுநாள் மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் அக்கா எழுதிக் கொடுத்தாள். தோட்டாவை நான் கொடுத்தேன். துப்பாக்கியை எடுத்துப் போய்விட்டார்கள். வழக்கு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்கு அங்கே தெரிந்த முகங்கள் நிறைய.

கொஞ்ச நாள் கழித்து அவரும் காண்டிராக்டரும் ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வந்ததுபோல. உட்காரச் சொன்னேன். காப்பிக்குப் பால் வைத்தேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்ப எங்களுக்குக் கை வராது, அதுதான் எங்கள் சாபக்கேடு. அக்கா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். குற்றாலத்திலிருந்து வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தாலும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அடிக்கிற கைதாம்மா அணைக்கும்," என்று காண்டிராக்டர் ஆரம்பித்தார். "அண்ணன் சாப்பிடாமக் கெடக்காரு. சும்மா வெளையாட்டுக்கு நீட்டுனதுதான."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தா பாரும்மா. ஒனக்கு ஒண்ணும் ஆவலேல்லா? குண்டு வெடிக்கவே இல்லியே. வெடிக்காத குண்டுக்கு எதுக்கும்மா கேஸு? கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கிட்டு வீட்டுக்குப் போ. லைசென்ஸ் போயிட்டுன்னா திரும்ப வாங்க முடியாது. அவரு த்ரீ டூ ஒண்ணு பேசி வச்சிருக்காரு, அதுவும்லா போயிரும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. ஆப்பிள் பையின் காதைத் திருகினார். காண்டிராக்டர் சுவரைப் பார்த்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக. பிறகு வாயைத் திறந்து, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து, பொத்தாமல் சிரித்தாள். அடுப்படி வரைக்கும் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"குண்டு வெடிக்கலதான் அண்ணாச்சி. ஆனா அவரு சுட்டாரு. நான் குண்டோடயா குடும்பம் நடத்துனேன்? அவரோடல்லா நடத்துனேன்."

அவர்கள் எழுந்தார்கள். பழப் பையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். நான் அதைக் கொண்டுபோய் வாசலில் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்து, பொங்கியிருந்த பாலை இறக்கி எங்கள் இருவருக்கு மட்டும் காப்பி போட்டேன்.